எண்ணி முடித்தவை மட்டும்

பழைய மிஷின்களுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் அவற்றைப் பற்றி ஒரு சாஸ்திரமே எழுதி வைத்திருப்பார்கள். எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும், எந்த நேரத்தில் கிட்டவே போகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கும். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "அப்படித்தாங்க" என்ற பதில்தான் வரும்.

இந்த "ஏன்" என்ற கேள்விதான் அவளுக்குப் பிடித்த கேள்வி. பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்குக்கு மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்த புரோகிராமர் அவள். முப்பத்தெட்டு வயது. பணிமனை முழுவதும் அவளைக் 'கம்ப்யூட்டரம்மா' என்றே கூப்பிட்டார்கள். புதிய சிஸ்டம் வந்து சேரும் வரை கிடங்கின் பழைய சிஸ்டத்தை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் வேலை. ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் புதிய சிஸ்டத்துக்கும் அவளையே நிரந்தரமாகப் போடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுக்கவில்லை, வாயால்தான் சொன்னார். இருந்தாலும் வீட்டில் அவளும் கணவரும் அதைக் கையில் வந்த வேலையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பழைய சிஸ்டம் என்றால் சாதாரணப் பழையது அல்ல. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. மவுஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. எழுதியவர் எங்கேயோ போய்விட்டார், உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பதினான்கு ரேக்குகளில் உள்ள வாஷர் முதல் கிளட்ச் பிளேட் வரை நாலாயிரம் சாமான்களுக்கும் அதுதான் நாக்கு. எந்த ரேக், எந்தத் தட்டு, எத்தனை கையிருப்பு என்று அது சொன்னால்தான் உண்டு.

வந்த முதல் வாரம் அவளுக்குத் திருவிழாவுக்கு வந்த பிள்ளையின் நிலைமை. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. போர்மேன் ஒவ்வொரு தடவை சாமான் தேடும் முன்பும் வெறும் திரையில் மூன்று முறை என்டர் தட்டுவார். தட்டாவிட்டால் போன தடவை தேடியதே திரும்ப வரும் என்பார். உட்கார்ந்து நிரலைப் படித்தாள், அவர் சொன்னது சத்தியம். பழைய தேடலின் மிச்ச எழுத்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது, மூன்று என்டர் அதைத் தள்ளிவிட்டது. சாமான் இறக்குகிற மேஜைக்காரர் மத்தியானம் வரை பிரிண்ட் எடுக்க மாட்டார். கேட்டால், "காலையில பிரிண்ட் போட்டா அதுக்குக் கோபம் வரும்" என்றார். அந்தக் கோபத்துக்கும் காரணம் இருந்தது. பிரிண்ட் ஓடும்போது மொத்தக் கோப்பும் பூட்டிக்கொள்ளும், மற்ற எல்லாத் திரையும் உறைந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விட அவளைச் சிரிக்க வைத்தது பட்டியலின் முதல் வரிசை. சாமான் எண் பூஜ்யம், பெயர் 'சும்மா', இருப்பு பூஜ்யம். அதைத் தொடக் கூடாது என்று சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டியே இருந்தார்கள். தேடுகிற நிரலில் ஒரு பிழை, அது எப்போதும் முதல் வரிசையைத் தாண்டிவிட்டு இரண்டாவதிலிருந்துதான் பார்க்கும். பிழையைத் திருத்தத் தெரியாத யாரோ ஒரு புத்திசாலி, தாண்டுவதற்கென்றே ஒரு வரிசையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் கணவரிடம் அரை மணி நேரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். "எங்க வேன்லயும் முன் சீட்டுல அப்படி ஒருத்தர் உக்காந்து வருவார்" என்றார்.

இப்படி ஒவ்வொரு பழக்கத்துக்கும் மூலம் தேடிக் கண்டுபிடித்தவள் ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டாள். அது அவளுடைய சொந்தப் பழக்கம்.

அவளும் இந்த ரகச் சிஸ்டத்தில்தான் தொழில் பழகியவள். முதல் வேலையில் இருந்த அதிகாரி ஒரு பாடத்தை மண்டையில் ஆணி அடித்ததைப் போல இறக்கியிருந்தார். இந்த வகைக் கோப்பில் ஒரு வரிசையை அழித்தால் அது உடனே போகாது. 'அழிக்க' என்று ஓரத்தில் ஒரு குறி மட்டும் விழும். குறி விழுந்த வரிசைகள் குப்பையாகச் சேரும், சிஸ்டம் மந்தமாகும். ஆகவே காலையில் கணினி எழுந்ததும் முதல் வேலையாகக் குறி போட்டதை எல்லாம் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிட வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். கிடங்குக்கு வந்த முதல் நாள் முழுக் கோப்பையும் ஒரு நகல் எடுத்து வைத்தாள். சாமானைத் தேட உதவும் அட்டவணைகளைப் புதுப்பித்தாள். அப்புறம், கை பழக்கத்தில், கணினி எழுந்ததும் தானாக ஓடும் காலை நிரலில் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். அன்று அது குப்பை எதையும் காணாமல் வெறுங்கையோடு திரும்பியது. அவளும் அதை மறந்துபோனாள்.

கிடங்கின் பொறுப்பாளர் ஓர் அம்மாள். ஐம்பத்து நான்கு வயது, அதில் பத்தொன்பது வருடம் இந்தக் கிடங்கில். போர்மேன் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'ஸ்டோர் அக்கா'. ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, மேஜையில் எப்போதும் ஒரு நீளமான நோட்டு. சத்தமாகப் பேச மாட்டார். பேச வேண்டிய அவசியமும் இல்லை. அக்கா ஒரு சாமான் இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான்.

வருடத்துக்கு ஒரு முறை கிடங்கு முழுவதையும் கையால் எண்ணிக் கணினியோடு ஒத்துப் பார்ப்பது அக்காவின் வேலை. யாரையும் கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டார், இரண்டு பேர் எண்ணினால் மூன்று கணக்கு வரும் என்பார். கம்ப்யூட்டரம்மா வந்த இரண்டாவது வாரம் அக்கா முதல் ரேக்கிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பிரேக் வேலைக்காக ஒரு பேருந்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டு, போர்மேன் பிரேக் டயாப்ரம் தேடினார். மூன்று என்டரும் முறையாகத் தட்டினார். அப்படி ஒரு சாமானே கிடையாது என்றது கணினி. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே இரண்டாம் ரேக்குக்குப் போனார், மூன்றாம் தட்டில் கையை விட்டார், டயாப்ரத்தோடு திரும்பி வந்தார். "இது என்ன, ஆவியா?" என்று கேட்டுவிட்டு அதை மேஜைமேல் வைத்தார்.

மேலாளர் போன மாதத்துப் பிரிண்டை வரவழைத்து ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு வரி வரியாகத் திரையோடு ஒப்பிட்டார். முதல் ரேக் முழுவதும் இல்லை. இரண்டு, மூன்று, நான்கும் இல்லை. ஐந்தாம் ரேக்கில் பாதி வரை இல்லை. அதற்கப்புறம் எல்லாம் அப்படியே இருந்தது. ஆயிரத்துக்கு மேல் சாமான்கள் கணினியிலிருந்து மறைந்துவிட்டன. அக்கா தனியாக எண்ணிய ரேக்குகள் எவையோ அவைதான் மறைந்தவை. எண்ணிய நாட்களில் அந்தக் கோப்பைத் திறந்ததும் அக்காவின் பாஸ்வேர்டுதான்.

மேலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் கிடங்கு மேலாளர்களுக்கு ஒரு வழியில்தான் மூளை ஓடும். சாமான் திருடு போவதற்கு முன்னால் கணக்கில் அதன் பெயர் திருடு போகும். பெயர் இல்லாத பொருள் காணாமல் போனால் யாரும் தேட மாட்டார்கள். இதை அவர் அக்காவிடம் நேராகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார், அதுவரை எண்ண வேண்டாம், கணினியைத் தொட வேண்டாம் என்றார். வேலி பயிரை மேய்ந்தது என்று அன்று மத்தியானமே பணிமனையில் பேச்சுக் கிளம்பிவிட்டது. அக்காவுக்கு டீ கொண்டுவருகிறவர்கூடக் கோப்பையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போனார்.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை கம்ப்யூட்டரம்மாவிடம் வந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்கு வருத்தத்தைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது. இப்படி ஒரு நோயை அவள் பார்த்ததே இல்லை. தேடல் அட்டவணை கெட்டுப்போனால் வரிசைகள் மறைவது உண்டு, ஆனால் அவை உள்ளே இருக்கும், எண்ணிக்கை குறையாது. இங்கே எண்ணிக்கையே குறைந்திருந்தது. கணினியின் வட்டு பழுதானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும், எழுத்துகள் சிதையும். இங்கே ரேக் வாரியாக, தட்டு வாரியாக, மரியாதையாக வரிசையில் நின்று வெளியேறியிருந்தன. மின்சாரம் போய் வந்ததா என்று காவலாளியின் குறிப்பைப் பார்த்தாள், போகவில்லை. வைரஸா என்று பார்த்தாள். இந்தச் சிஸ்டத்துக்கு வைரஸ் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

செவ்வாயும் புதனும் ஒரு வரிசைகூடப் புதிதாக மறையவில்லை. மேலாளர் இதைச் சுட்டிக் காட்டினார். அக்கா கை எடுத்ததும் நின்றுவிட்டது பார்த்தீர்களா என்றார். அவளுக்கு எரிச்சல் என்னவென்றால், அந்த வாதத்தில் ஓட்டையே இல்லை.

அவள் அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டுவிட்டாள். எதையாவது அழித்தீர்களா என்று. இல்லை என்று அக்கா தலையை ஆட்டினார். பத்தொன்பது வருடத்தில் ஒரு வரியைக்கூட அழித்ததில்லை, எப்படி அழிப்பது என்றே தெரியாது என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. ஆனால் புதன்கிழமை சாயங்காலம், பணிமனை காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில், அக்காவே அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேஜைமேல் ஒரு தாள் எழுதி மடித்து வைத்திருந்தது.

"நான்தான் அழிச்சிருப்பேன் போலம்மா," என்றார்.

அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். அவருடைய அம்மாவுக்கு இதே வயதில்தான் அது தொடங்கியது. முதலில் வீட்டுச் சாவியைச் சோப்பு டப்பாவில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். அப்புறம் அடுப்பை அணைத்தோமா என்று நான்கு தடவை எழுந்து போய்ப் பார்த்தார். கடைசியில் பெற்ற பிள்ளைகளையே, வாங்க, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். இந்த மூன்று நாளாக அக்கா தூங்கவில்லை. ரேக் ரேக்காக மனதில் ஓட்டிப் பார்க்கிறார். எண்ணியது ஞாபகம் இருக்கிறது, அழித்தது ஞாபகம் இல்லை. ஆனால் ஞாபகம் இல்லாமல் போவதுதானே அந்த நோய்? தம்பியிடம் சொல்லிவிட்டாராம், அவர் அடுத்த வாரம் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாராம். மடித்த தாளில் இருந்தது விளக்கக் கடிதம். தவறு என்னுடையது, நினைவு பிசகி அழித்துவிட்டேன், விருப்ப ஓய்வில் போகிறேன்.

"திருடின்னு சொன்னாக்கூட, இல்லைன்னு சண்டை போடலாம். இதுக்கு யாரோட சண்டை போடுறது?" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை வரை அந்தத் தாளைக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மூன்று நாளாக வேடிக்கையான நோய் என்று சுவைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை வீட்டில் ஒரே அமளி. பத்து வயது மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகிறாள். கூடத்தில் பையை விரித்து வைத்துக்கொண்டு மகள் ஒவ்வொன்றாகப் போட, கணவர் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நாற்காலியில் நீதிபதியாட்டம் உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். மனம் முழுவதும் ஐந்தாம் ரேக்கில் இருந்தது.

"துண்டு வெச்சாச்சுப்பா, அடிச்சுடு," என்றாள் மகள். அவர் ஒரு கோடு இழுத்தார். "பிரஷ் வெச்சாச்சு, அடிச்சுடு." இன்னொரு கோடு.

பாதிக் கோப்பையோடு அவள் அவர் பின்னால் போய் நின்றாள். தாளில் பத்துப் பதினைந்து வரிகள், பாதிக்கு மேல் கோடு விழுந்து கிடந்தன. கோடு விழுந்ததெல்லாம் பைக்குள் பத்திரமாக இருந்தது. விழாதது எதுவோ அதைத்தான் இன்னும் தேட வேண்டியிருந்தது.

ஏன் எல்லாவற்றையும் அடிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டாள். அவர் அவளை விசித்திரமாக ஏறிட்டார். "முடிஞ்சதை அடிக்கத்தானே செய்வாங்க? முடியாததையா அடிப்பாங்க?"

காபியை அப்படியே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். மகளுக்கு முத்தம் கொடுத்தோமா என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் சந்தேகமாக வந்தது. கொடுத்திருந்தாள்.

கிடங்கு திறக்க இன்னும் அரை மணி இருந்தது. அக்கா வழக்கப்படி முன்னதாகவே வந்து, தொட அனுமதி இல்லாத கணினியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்க நின்று, ஒரு சாமானை எண்ணி முடித்ததும் திரையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"டிக் போடுவேன்," என்றார் அக்கா.

எங்கே என்று கேட்டாள். அந்த வரிசைக்குப் பக்கத்திலேதான் என்றார். இந்த வேலைக்கு வந்த வருடம், தனக்கு முன்னால் இருந்தவர் காட்டிக் கொடுத்தது, இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி விழும். எண்ணியது எது, எண்ணாதது எது என்று பார்த்ததும் தெரியும். பதினான்கு ரேக்கும் முடிந்த பிறகு எல்லாப் புள்ளியையும் எடுத்துவிடுவார், அடுத்த வருடத்துக்குச் சுத்தமாக இருக்கும். இதை யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதும் இல்லை.

"போட்டுக் காட்டுங்கக்கா," என்றாள் அவள்.

தொடக் கூடாதே என்று அக்கா தயங்கினார். நான் சொல்கிறேன், தொடுங்கள் என்றாள். கணினியை எழுப்பி ஏழாம் ரேக்கைத் திறந்தார்கள். வைப்பர் ரப்பர் இருந்த வரிசையில் அக்கா இரண்டு விரலை வைத்து அழுத்தினார். இடது ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தது.

அந்தப் புள்ளியை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வருடப் பழக்கம். அவளுடைய ஊரில் அதற்குப் பெயர் 'அழிக்க'.

உள்ளே என்ன நடந்தது என்பது ஒரே வீச்சில் விளங்கியது. பழைய நிரல் குறி போட்ட வரிசைகளையும் மறைக்காமல் காட்டியது. கூட்டிப் பெருக்கும் கட்டளை அதில் எங்கும் இல்லை. அதனால் அந்தக் குறி பத்தொன்பது வருடமும் யாருக்கும் தீங்கில்லாத டிக்காகவே இருந்தது. அக்கா பகலெல்லாம் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டு, வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை கணினி எழுந்ததும் அந்த ஒரு வரிக் கட்டளை, நேற்று எண்ணியதை எல்லாம் வாரிக் கொட்டும். அக்காவோ அடுத்த தட்டுக்குப் போயிருப்பார், முடித்ததைத் திரும்பிப் பார்க்க மாட்டார். எண்ணுவதை நிறுத்தியதும் டிக் நின்றது. டிக் நின்றதும் மறைவதும் நின்றது. ஊரார் பழக்கத்துக்கெல்லாம் வேர் தோண்டியவள், தான் நட்டு வைத்த வரியைத் தானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள்.

கணினியை அணைத்து மறுபடி எழுப்பினாள். ஏழாம் ரேக். வைப்பர் ரப்பர் இல்லை.

அக்கா திரையையே பார்த்தார். அப்புறம் எழுந்து போய் ஏழாம் ரேக்கில் கையை வைத்துப் பார்த்தார். ரப்பர் அங்கேதான் இருந்தது.

அவர் திரும்பி வருவதற்குள் அவளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு கெட்ட யோசனை வந்து உட்கார்ந்தது. அந்த வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். முதல் நாள் எடுத்த நகல் இருக்கிறது, மறைந்ததை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். பழைய மிஷின், கோளாறு, சரிசெய்தாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் எல்லோரும் நம்புவார்கள். பழைய மிஷின்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் அது வாயைத் திறக்காது. நிரந்தர வேலையும் நிலைக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் அக்கா எண்ணிய ரேக்குகளில் மட்டும் ஏன் கோளாறு வந்தது என்று மேலாளர் கேட்பார். அக்காவும் கேட்டுக்கொள்வார், வாய்விட்டு அல்ல, ராத்திரியெல்லாம் விழித்திருந்து. இதை நினைத்ததும் அந்த யோசனை தானாகவே எழுந்து போய்விட்டது.

"அக்கா, அழிச்சது நீங்க இல்ல. நான்," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் சேர்த்த வரியைத் திறந்து காட்டினாள். அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அக்கா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை காட்டு என்றார். ஒரு விளக்குப் பல்புக்கு டிக் போட்டார், அணைத்தார்கள், எழுப்பினார்கள், பல்பு போய்விட்டது. இன்னொன்று என்றார். ஃபேன் பெல்ட் போனது. பிறகு டிக் போடாமல் ஒன்றை விட்டுப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். டிக் போடாத ஹார்ன் அசையாமல் அங்கேயே இருந்தது. ஏதோ சின்னப் பிள்ளை விளையாட்டைப் போல ஐந்து தடவை செய்து பார்த்தார்கள்.

அப்படியும் அக்காவின் முகம் முழுதாகத் தெளியவில்லை. டிக் போட்டது போனது சரி, ஆனால் தான் சரியாகத்தான் டிக் போட்டோமா, எண்ணாததற்கும் மறந்துபோய்ப் போட்டிருந்தால் என்று கேட்டார். பயம் ஒரு இடத்தில் கூடு கட்டிவிட்டால் கதவைத் திறந்து விட்டாலும் சுலபத்தில் போகாது.

அவளுக்கு மேஜைமேல் இருந்த நீள நோட்டு கண்ணில் பட்டது. அது என்ன என்று கேட்டாள். எந்த ரேக்கில் எத்தனை சாமான் எண்ணினேன் என்று தினமும் சாயங்காலம் குறித்து வைப்பேன் என்றார் அக்கா. மேலாளரின் ஸ்கேலுக்கோ அவளுடைய மூன்று நாள் ஆராய்ச்சிக்கோ அந்த நோட்டு எட்டவே இல்லை. அவள் முதல் நாள் நகலை இன்றைய கோப்போடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகலில் இருந்தவற்றில் இப்போது இல்லாதவை எத்தனை என்று கணினியைக் கேட்டாள். இன்று காலை விளையாட்டில் போனவற்றைக் கழித்தாள். வந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, கீபோர்டுக்கு அடியில் வைத்தாள். நோட்டில் இருப்பதைக் கூட்டச் சொன்னாள்.

அக்கா கால்குலேட்டரைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, விரல் விட்டுக் கூட்டினார். முதல் ரேக் முன்னூற்று நான்கு. இரண்டு இருநூற்று எழுபத்தொன்று. மூன்று இருநூற்று அறுபத்தாறு. நான்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஐந்தாவதில் பாதி, நூற்றேழு. கீழே கோடு போட்டு எழுதினார்: ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.

அவள் தாளை எடுத்துப் பிரித்து நோட்டின் பக்கத்தில் வைத்தாள். அதே எண். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. விட்டுப்போனதும் இல்லை, இரட்டித்ததும் இல்லை. ஒரு வாரம், ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு சாமான், ஒரு தடுமாற்றம் கிடையாது. மறைந்துபோன பட்டியல்தான் அக்காவின் தலை எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக வந்து நின்றது.

அக்கா இரண்டு எண்களின்மீதும் விரலை வைத்து ஓட்டினார், மறுபடி ஓட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மேலாளர் வந்ததும் அவளே போய்ச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை, அவருக்கும் ஒரு ஹார்ன் அழித்துக் காட்ட வேண்டியிருந்தது. நோட்டையும் தாளையும் பார்த்த பிறகு நேரே ஸ்டோருக்கு வந்து, விளக்கம் எதுவும் தேவையில்லை என்று அக்காவிடம் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, அக்காவின் நாற்காலியை மட்டும் கணினிப் பக்கம் தள்ளிப் போட்டார். வாசலில் நின்று கம்ப்யூட்டரம்மாவிடம் வேறு குரலில் பேசினார். தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவருவதோடு, நகல் எடுத்த நாளிலிருந்து வெளியே போன சாமான்களையும் போர்மேனின் சீட்டுகளைப் பார்த்து நேர் செய்ய வேண்டும். நிரந்தர வேலை பற்றிப் பிறகு பேசலாம். 'பிறகு' என்பதை அவர் சொன்ன விதத்தில் அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. வலித்தது, மறைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே காலை நிரலைத் திறந்து, அந்த ஒரு வரியை எடுத்துப்போட்டாள்.

பின்னால் அக்கா போனில் தம்பியைக் கூப்பிட்டிருந்தார். மடித்து வைத்திருந்த கடிதம் அவர் கையில் நான்காய்க் கிழிந்துகொண்டிருந்தது.

"தம்பி, அந்த டாக்டர் வேண்டாம்டா, நேரத்தைக் கேன்சல் பண்ணிடு," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேள்வி வந்தது. "இல்லடா, எனக்கு ஒண்ணும் இல்ல. தலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எண்ணிப் பாத்தாச்சு." மறுபடியும் கேள்வி. அக்கா கம்ப்யூட்டரம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். நான்கு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் குரலில் சிரிப்பு வந்தது.

"மிஷின் பாவம், அது என்ன பண்ணும். இங்க புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, கொஞ்சம் சுத்தக்காரி. கேக்காமப் பெருக்கிட்டா. ஆனா அவளே வந்து சொல்லிட்டாடா."